முன்பதிவு செய்தவர் வரிசையில் நிற்கிறார்

"வரிசையில நிக்க வேண்டாம்னுதானே ஜனவரியிலேயே பணம் கட்டினோம்..."

"கொஞ்சம் மெதுவாப் பேசு பெரில், அவங்க காதுல..."

"விழட்டுமே! அதோ இருக்கு கதவு. முன்பதிவு செஞ்சவங்களுக்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஈ காக்கா இல்ல. நீ என்னடான்னா இங்க வந்து வாலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற!"

"இத்தனை பேர் வெயில்ல நிக்கிறாங்க. அவங்க மூஞ்சிக்கு முன்னால விறுவிறுன்னு நடந்து போகச் சொல்றியா? நாம என்ன ராஜ குடும்பமா?"

ஃபிளாரன்ஸ் நகரத்து ஜூன் வெயிலில், டேவிட் என்ற இளைஞனின் புகழ்பெற்ற பளிங்குச் சிலை இருக்கும் மண்டபத்துச் சுவரோரம், இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து வந்த நார்மனும் பெரிலும் இப்படி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. அது தெருமுனையில் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ போய் முடிந்தது. அவ்வப்போது ஓரடி நகர்ந்தது.

பெரில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே ஓய்வு பெற்றவள். அந்தச் சிலையின் படம் அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் வெளுத்துப்போகும் அளவுக்கு வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது. பத்தரை மணிக்கு உள்ளே போகவேண்டும். கால் மணி தாமதமானால் டிக்கெட் செல்லாது. மறுநாள் காலையில் ஊருக்கு விமானம்.

நார்மனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். சொந்த மாமியாரின் அடக்கம் முடிந்த அன்று, சாண்ட்விச் மேசைக்கு முன்னால் நின்று, வந்தவர்களிடமெல்லாம் "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பட்டினியாக வீட்டுக்கு வந்த மனிதர்.

"மணி பத்தேகால். நடக்கிறியா, இழுக்கட்டுமா?"

பெரில் இழுத்தாள். நார்மன் வரிசையின் ஓரமாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "மன்னிக்கணும்", "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பாதி தூரம் போயிருப்பார்கள். பூப்போட்ட தொப்பி அணிந்த ஒரு பெண்மணி அவரைப் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்து, "ச்சு" என்றாள்.

அவ்வளவுதான். நார்மன் வெள்ளைக்கொடி காட்டியவர்போல் திரும்பி நடந்தார்.

"ஒரு 'ச்சு'வுக்கா பயந்து ஓடுற?"

"நீ கேட்டியா இல்லையா? எவ்வளவு வேதனையோட சொன்னா!"

வாலுக்கு வந்தபோது, பழைய இடத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். நார்மன் அவர்களுக்கும் பின்னால் போய் நின்றார்.

"சரி, நீ இங்கேயே வேர் விட்டு நில்லு. டிக்கெட் இருக்கிற போனைக் குடு, நான் மட்டும் போறேன்."

போனை வாங்கிக்கொண்டு பெரில் அந்தக் காலிக் கதவுக்குப் போனாள். அங்கே டிக்கெட் பார்க்கும், நீலச் சால்வை போட்ட பெண் போனைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அம்மா, இது ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாத்தான் விடமுடியும்."

"அந்தாளு வரமாட்டேங்கிறாரே!"

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வளர்ப்புதான் அப்படி."

பெரில் மூச்சு வாங்கத் திரும்பினாள். நார்மனுக்கு முன்னால் இருந்த குடும்பத்தைக் காணவில்லை.

"அப்பாடா, நகர்ந்திருக்கே! எங்க அவங்க?"

நார்மன் தொண்டையைச் செருமினார். "பிள்ளைங்க ஐஸ்கிரீம் கேட்டுச்சுங்க. இடத்தைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"வாக்குக் குடுத்துட்டேன், பெரில். அவங்க வர்ற வரைக்கும் நான் அசையக்கூடாது."

பெரில் கைப்பையைத் தரையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அடிக்கத் தோதாக ஒன்றுதான் அருகில் நின்றது.

"நார்மன், நாப்பது வருஷமா அந்தப் பையனை நான் காகிதத்துலயே பாத்துக்கிட்டிருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். இன்னைக்குப் பாக்கலேன்னா எப்பவும் பாக்கப்போறதில்ல."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு நார்மனின் காது சிவந்தது. நல்லவேளையாகக் குடும்பம் திரும்பி வந்தது. நன்றிக்கடனாக அவர் கையில் ஒரு பிஸ்தா ஐஸ்கிரீமைத் திணித்தார்கள்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் நார்மன். "எல்லார்கிட்டயும் அனுமதி கேப்போம். அவங்களே சரின்னு சொன்னா அது தாண்டிப் போறது ஆகாது இல்லையா?"

"ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

"ஒருத்தரை விட்டாலும் தப்புதானே."

தொடங்கினார்கள். யாருமே மறுக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒருவர் "தாராளமா" என்றுவிட்டு இடுப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பேத்தியின் கல்யாணப் படங்களைக் காட்டினார். பிளாக்பூலிலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகள் வானிலை பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். 'ச்சு' பெண்மணியிடம் நார்மன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அவளோ, "ஐயோ, கொசு கடிச்சுதுங்க," என்று பதறிப்போய் அவரிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். ஐஸ்கிரீம் நார்மனின் முழங்கை வரை பச்சையாக வழிந்தது.

"ரெண்டே நிமிஷம், நார்மன், ரெண்டே நிமிஷம்!"

முன்பதிவுக் கதவைத் தாண்டியும், மிச்சமிருப்பவர்களையும் கேட்காமல் நார்மன் உள்ளே போவதாக இல்லை; தெருமுனையில் திரும்பினார்கள். வரிசையின் தலையில், சுவரின் ஒல்லியான நிழலில், வைக்கோல் தொப்பி வைத்த ஒரு பெரியவர் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. கதவும் இல்லை. பெரிலுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை.

"ஐயா, நீங்கதான் கடைசி. உங்களைத் தாண்டிப் போக விடுவீங்களா? காலுல விழாத குறையாக் கேக்கறேன்."

"உங்களுக்கு மனசில்லேன்னா வேண்டாம்," என்று நார்மன் அவசரமாகச் சேர்த்தார்.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நீண்ட வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தாராளமாப் போங்கம்மா, நான் எந்த வரிசையிலயும் இல்ல. என் சம்சாரம் செருப்புக் கடைக்குள்ள இருக்கா, நிழலுக்காக ஒதுங்கினேன், நிழல் நகர நகர நானும் நகர்றேன். ஆனா இத்தனை பேரும் ஏன் என் பின்னால நிக்கிறாங்கன்னு கேக்க கூச்சமா இருக்கு, நடுவுல விட்டுட்டுப் போனாலும் மரியாதையா இருக்காது!"