ஒற்றை ஆள் சபையில் நடந்த பிரிவினை

காம்பன் நகர்,
சனிக்கிழமை காலை.

ஆண்டவருக்குள் பிரியமான தம்பி ஹார்மனுக்கு, ஆற்றின் இக்கரையிலிருந்து அண்ணன் லுப்பர்ட் எழுதுவது. மூட்டுவலி நீங்கலாக நான் நலம். உன்னையும் உன் மனைவி ட்ரைனையும் விசாரித்ததாக வைத்துக்கொள். ஐம்பத்தேழு வருடமாக இழவுச் செய்தி தவிர நான் உனக்கு எதுவும் எழுதியதில்லை என்பதால் பதறிவிடாதே. இந்த முறை யாரும் சாகவில்லை.

உன் சபையும் என் சபையும் ஒன்றாகிவிட்டதாமே, அதற்கு நீ புறா படம் போட்ட வாழ்த்து அட்டை ஒன்று அனுப்பியிருந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 1944-இல், தலைக்கு மேல் போர் விமானம் பறந்துகொண்டிருந்தபோது, ஞானஸ்நானம் பெறும் குழந்தையை மறுபடி பிறந்ததாக எண்ணலாமா கூடாதா என்று வாதாடிப் பிரிந்து வந்தவர் நம் அப்பா. 1967-இல், விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டுப்பட்டவனா, சாரத்துக்கு மட்டுமா என்று நீயும் நானும் அம்மா வைத்த பட்டாணி சூப் ஆறிப்போகும்வரை கத்திவிட்டு ஆளுக்கொரு சபைக்குப் போனோம். இதெல்லாம் ஒரு புறாவால் தீருகிற விஷயமா?

இணைப்புக் கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் மட்டும் எழுந்து, ஐந்தாம் நூற்றாண்டு அகுஸ்தீன் காலத்தில் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டு டோர்ட் மாநாடு வரை சபை வரலாற்றை நாற்பது நிமிடம் பேசினேன். கடைசியில், "என் சான்றுக் கடிதத்தைக் கொடுத்துடுங்க, நான் கிளம்பறேன்" என்று ஒரு போடு போட்டேன். 'போதனையிலும் நடத்தையிலும் பழுதற்றவர்' என்று எழுதி வேறு சபைக்கு அனுப்பிவைப்பார்களே, அந்தக் கடிதம். கெஞ்சுவார்கள் என்று நினைத்தேனப்பா. செயலாளர் வைனந்த், "உங்களுக்கு எதுக்கு அலைச்சல், இப்பவே அடிச்சுத் தர்றேன்" என்று காப்பி ஆறுவதற்குள் கையில் திணித்துவிட்டான்!

கடிதத்தோடு சபை தேடிக் கிளம்பினேன். முதல் இடத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் டிரம்ஸ். இரண்டாவது பாட்டிலேயே காது கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தது பழைய வழிக்காரர்களின் சபை. கறுப்புக் கோட்டு மூப்பர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க மனந்திரும்பின நாள் எது?" என்று கேட்டார். "நான் உடன்படிக்கைப் பிள்ளைங்க, தொட்டில்லேர்ந்தே உள்ளதான் இருக்கேன்" என்றேன். "அடேயப்பா! நாப்பது வருஷமா மூப்பரா இருக்கேன், தகுதியில்லைன்னு நானே இன்னும் திருவிருந்துப் பந்தியில உக்காரல. நீங்க வந்தவுடனே கையை நீட்டுறீங்களே!" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே வீட்டிலேயே சபை. மெய்யான சபைக்கு மூன்று அடையாளம் என்று நாம் மனப்பாடம் செய்தோமே: சுத்தமான போதனை, முறையான திருவிருந்து, ஒழுங்கு நடவடிக்கை. போதனைக்கு அச்சான பிரசங்கங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. திருவிருந்துக்கு வழியில்லை, எனக்கு நானே அப்பம் பிட்டுக் கொடுக்க அதிகாரமில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்குக் குறைவேயில்லை. முதல் ஞாயிறு பிரசங்கம் வாசிக்கும்போதே தூங்கிவிட்டேன், ஆகவே என்னை நானே கண்டித்தேன். இரண்டாம் ஞாயிறு பிரசங்கத்தின் நடுப்பகுதியில் உபதேசப் பிழை இருந்தது. பொறுக்க முடியாமல் எதிர்ப்பு தெரிவித்து வெளிநடப்புச் செய்து, சமையலறையில் போய் உட்கார்ந்தேன். ஒற்றை ஆள் சபையும் உடைந்தது.

சிரிக்காதே ஹார்மன். சங்கீதம் பாடுவதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரி ஃபெம்மி இருந்தவரை எப்போதும் அரை அடி முந்திப் பாடுவாள், நான் முறைப்பேன். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது முந்தவும் ஆளில்லை, முறைக்கவும் ஆளில்லை. ஆராதனை முடிந்ததும் மூப்பர் வந்து போதகரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டுமல்லவா? போன ஞாயிறு, முறை தவறக்கூடாதே என்று, என் வலது கையை என் இடது கையால் குலுக்கினேன். தனியாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் கொள்கை கொள்கைதான். நீ 1967-இல் சொன்னது தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை உன் சபை வாசலை மிதிக்க மாட்டேன், நீயும் என் வாசலுக்கு வரத் தேவையில்லை. சமாதானத்தின் தேவன், உங்கள் தவறான கருத்துகளையும் மீறி, உன்னையும் ட்ரைனையும் காப்பாராக. 

உன் சகோதரன்,
லுப்பர்ட்

பின்குறிப்பு: உன் தவறுகளை வரிசைப்படுத்தி இத்துடன் அனுப்பலாமென்று 1967-ஆம் வருடக் கோப்பைப் பிரித்தேன். மூன்று மணி நேரம் படித்தேன். ஒரு தாள் அபத்தத்தின் உச்சம். ஓரமெல்லாம் சிவப்பு மையில் கிழிகிழியென்று கிழித்துவிட்டுக் அடியில் பார்த்தால் என் கையெழுத்து. உன் தாள் அப்படியொன்றும் மோசமில்லை. சொல்லா, சாரமா, நம்மில் யார் எந்தப் பக்கம் என்பதே இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை, உனக்கு இருக்கிறதா? தபாலில் போட்டால் நாளாகும், இதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை ஞாயிறு, ஒன்பதரைக்குக் காரை எடுத்துக்கொண்டு வா. கோட்டு போட்டு வாசலில் நிற்பேன். வழியில் எதுவும் பேச வேண்டாம். பேசினாலும் பரவாயில்லை, வா.