அக்கா நிச்சயத்தில் நான் பேசிய இங்கிலீசு

புரியாத பாஷையில் பேசுகிறவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையை நம்பி ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து, இன்று வரை தலையைக் குனிந்துகொண்டு திரிகிற ஆள் நான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கெங்குவார்பட்டியில் எங்கள் வகையறாவில் வெளியூர் போய்ப் படித்தவன் (வெளியூர் என்றால் பெரியகுளம்தான்) நான் ஒருவனே. அதையும் முடிக்கவில்லை. இங்கிலீசில் குப்புற விழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். விழுந்தது ஐயாவுக்குத் தெரியாது. "எம் மகன் இங்கிலீசுக்காரனாக்கும்" என்று களத்துமேட்டில் நின்று அளப்பார். நானும் மறுத்ததில்லை. தோள்துண்டின் மடிப்புக் கலையாமல் நடந்து திரிந்த வயது அது.

உண்மையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த இங்கிலீசு, அர்த்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம். வகுப்பில் தூங்கியதற்குத் தண்டனையாக, வாத்தியார் பிரம்போடு சேர்த்து அதை என் மண்டையில் ஏற்றியிருந்தார். டிசால்வ் என்றால் கரைந்துபோ. டிஸ்பெர்ஸ் என்றால் கலைந்துபோ. ஃபேட், மங்கிப்போ. வானிஷ், மறைந்துபோ. பெரிஷ், அடியோடு அழிந்துபோ. இல்லாமல் போவதற்கு மட்டும் இத்தனை சொல்லா என்று மலைத்துப்போனேன். எங்கள் வீட்டில் இதில் ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆத்தாவிடம் விளக்கை அணை என்று சொல்லக்கூடாது. "குளிர வை" என்றுதான் சொல்லவேண்டும். அரிசி தீர்ந்துவிட்டால் "நெறஞ்சிருக்கு". வெளியே கிளம்புகிறவன் "போறேன்" என்றால் முதுகில் ஒன்று விழும்.

அக்கா சீனியம்மாளுக்கு மயிலாடும்பாறையிலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்தது. முந்தின வருஷம் கூடிய வேறொரு சம்பந்தம், தட்டு மாற்றுகிற நேரத்தில் பல்லி சொன்னதால் நின்றுபோயிருந்தது. 'பல்லி சொன்ன பிள்ளை' என்று ஊரில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அக்கா ஊர்க்கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவதையும் விட்டிருந்தாள். இந்தத் தட்டும் திரும்பிப்போனால் அப்புறம் அவளைக் கேட்டு ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால் ஐயா அன்று காலையிலேயே ஏணி போட்டு ஏறி (இடுப்புவலிக்காரர் வேறு) விட்டத்துப் பல்லிகளையெல்லாம் விளக்குமாற்றால் விரட்டினார். அதே விளக்குமாற்றால் என்னையும் விரட்டியிருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சேலை, பூ, வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஐயாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"ஏலே, சம்பந்தகாரவுக வந்திருக்காக. பொண்ணு மாப்பிள்ளைய இங்கிலீசுல நாலு வார்த்தை வாழ்த்திச் சொல்லு. கேக்கட்டும்."

"இங்கன எதுக்குய்யா இங்கிலீசு?" என்று இழுத்தேன்.

"அட, தம்பி கூச்சப்படுது! சும்மா சொல்லுங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையின் ஆத்தா.

எழுந்தேன். வாழ்த்துக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மண்டையில் ஏறியிருந்த அந்த ஒரு பக்கம்தான் வந்தது. பதற்றத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். ஒவ்வொன்றையும் அர்த்தம் தெரிந்தேதான் சொன்னேன். இந்தப் பட்டிக்காட்டுச் சபையில் எவனுக்குப் புரியப்போகிறது என்கிற திமிர். தட்டின் மேல் கையை நீட்டி, பூசாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "டிசால்வ்! டிஸ்பெர்ஸ்! ஃபேட்! வானிஷ்!" என்று ராகம் போட்டேன். சபை தலையாட்டியது. ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் அட்சதையை அள்ளித் தூவி, "பெரிஷ்!" என்று முடித்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் தலையாட்டவில்லை.

"தம்பி, இப்பச் சொன்னீகளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"பதினாறும் பெற்று..." என்று ஆரம்பித்தேன்.

"போடி மலையில வெள்ளக்காரத் தொரை தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருக்கேன் தம்பி. எங்கிட்டயேவா?"

ஐயா பதறினார். "அப்படி என்னங்க சொல்லிட்டான்?"

"இங்கன, தட்டு முன்னால வச்சு அத வாயால சொல்லக்கூடாதுங்க."

நல்ல மனிதர். அபசகுனமாகிவிடும் என்று அர்த்தத்தை விழுங்கிக்கொண்டார். அதுவே வினையாயிற்று. சபையில் சொல்லக்கூடாத வார்த்தை என்றால் என்னவாக இருக்கும்? பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். யாரோ குழந்தைகளை வெளியே விரட்டினார்கள். "அக்கா நிச்சயத்துல பேசுற பேச்சாலே இது?" என்று ஐயா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஐயோ, கெட்ட வார்த்தை இல்லய்யா! அழிஞ்சு போங்கன்னுதான் சொன்னேன்!" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கதவோரம் அக்கா நின்றிருந்தாள். அழவில்லை. தலையில் வைத்திருந்த பூவை எடுக்கக் கை மெல்ல மேலே போனது. ஐயோ, அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வந்த அவமானத்துக்கு எந்தப் பாஷையிலும் சொல் கிடையாது.

மாப்பிள்ளையின் ஆத்தாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உக்காருங்கய்யா. தம்பி சொன்னது இங்கிலீசுல. நம்ம கொலசாமிக்கு இங்கிலீசு தெரியுமா? அது காதுல ஏறியே இருக்காது."

"தமிழ்லயும்ல சொல்லிட்டாரு, மதினி?" என்றார் சித்தப்பா.

"அது அவுக ஐயாவப் பாத்துச் சொன்னது. தட்டப் பாத்தா சொன்னாரு? மாத்துங்க, நேரம் போகுது."

சொன்னவர் விறுவிறுவென்று வந்து, தட்டிலிருந்த வெற்றிலையை மடித்து என் வாயில் திணித்தார். "தட்டு மாத்தி முடியுற வரைக்கும் இத மெல்லுங்க தம்பி." மென்றேன். தட்டு மாறியது. அக்காவின் பூ தலையிலேயே இருந்தது.

அக்கா நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் அவர்கள் தோட்டத்துக் கிணறு வற்றினாலும், பசு சினை நிற்காவிட்டாலும், அந்த வீட்டில் எல்லோரும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோர் நிச்சயத்திலும் தட்டு மாற்றுவதற்கு முன் அக்கா வெற்றிலையை மடித்து எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவாள். "ஆ காட்டுலே. மென்னுக்கிட்டே இரு, துப்பிறாத." விவரம் தெரிந்தவர்கள் குனிந்து சிரிப்பார்கள். போன தை மாதம் பேரன் ஒருவனுக்குப் புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டார் இதைப் பார்த்துவிட்டு, "அப்பாவோட தாய்மாமனுக்கே என்ன மரியாதை பாருங்க" என்று நெகிழ்ந்துபோனார்கள். இப்போது அவர்கள் வீட்டிலும் இதை முறையாக்கி, எல்லா நிச்சயத்திலும் தாய்மாமன் வாயை முதலில் வெற்றிலையால் அடைக்கிறார்களாம். விவரத்தைச் சொல்லித் தடுத்திருக்கலாம்தான். என் வாயில் வெற்றிலை இருந்தது.