மூன்றாண்டுப் பூஜ்ஜியம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகப் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த இரும்பு ஆலையில் மூன்று ஆண்டுகளாக ஒருவர்கூடக் குடித்துவிட்டு வேலைக்கு வரவில்லை! வாசலில் இருக்கும் ஊதும் மெஷினே சாட்சி. மெஷின் பொய் சொல்லாது. அந்த வேலைக்குத்தான் மனிதர்கள் இருக்கிறார்களே.

இச்சாதனையின் மூலவர் ஸ்டோர் கீப்பர். டீயைத் தவிர எதையும் தொட்டறியாதவர். ஒருநாள் தள்ளாடி வந்த ஒருவனுக்காக இரக்கப்பட்டு ஊதினார். நல்ல காரியம் பரவாமல் இருக்குமா? இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பது பேருக்கும் அவரே ஊதுகிறார். காவலாளி ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பயபக்தியுடன் ‘பூஜ்ஜியம்’ என்று எழுதுகிறார்.

நாற்பதில் ஒருவன் கிரேன் ஓட்டுபவன். ஸ்டோர் கீப்பருடைய தங்கை கணவன். ஒருநாள் அவனே ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்தான். 

“மச்சான், முடியல. காலைல ரெண்டு ரவுண்டு உள்ள போகலேன்னா லீவரைப் பிடிக்க முடியல. போனா, பிடிச்சதை விட முடியல. நேத்து பாரம் ஆளுங்க தலைக்கு மேல ஆடிச்சு. எங்கயாவது ஆஸ்பத்திரில சேர்த்து விடு.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“உன் தங்கச்சி மேல சத்தியம்.”

“அவ மேல ஏற்கெனவே எட்டு சத்தியம் கிடக்கு. நட, கேப்போம்.”

பாதுகாப்பு அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். “சிகிச்சைக்கு லீவா? அது குடிக்கறவங்களுக்குப்பா. நீ மூணு வருஷமா பூஜ்ஜியம்!”

“இப்பவே குடிச்சிருக்கேன் சார். மோந்து பாருங்க.”

“மூக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்ல.”

“அப்ப மெஷின்ல ஊதறேன்.”

“காலைல ஊதியாச்சே. ஒரு ஷிப்டுக்கு ஒரு தடவைதான்.”

ஸ்டோர் கீப்பர் குறுக்கிட்டார். “சார்... அதெல்லாம் நான் ஊதினது.”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். குரலில் தேன் சொட்டியது. “அப்படியா? இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவருக்கு இன்னிக்கே லீவு. உங்களுக்கும் லீவுதான், நிரந்தரமா. அடுத்த வாரம் ‘மதுவற்ற பணியிடம்’ விருது வேற வருது. உங்க இஷ்டம்.”

பேனா நீண்டது.

“போடு மச்சான்,” என்றான் அவன்.

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். யோசிப்பதுதானே பொறுப்பானவர்களுக்கு அழகு? இருபத்தாறு வருட நற்பெயர், ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம், ஆலையின் மானம் எல்லாவற்றையும் யோசித்தார். ஏதோ விட்டுப்போனது போலவும் இருந்தது.

“ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோடா. விருது முடியட்டும்.”

அவன் வேலைக்குத் திரும்பினான். கிரேன் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஏறினான். கீழே வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்குப் பதிவேட்டின்மேல் அத்தனை நம்பிக்கை.

மறுநாள் காலை ஸ்டோர் கீப்பர் தங்கை கணவனுக்காகத்தான் முதலில் ஊதினார்.