ஜ போய் ஹ வந்தது

பெண் பார்க்கும் இடத்தில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுக்கிறார்களே, அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள். பஜ்ஜியைத் தப்பாகச் சாப்பிட்டு மானம் போனவன் என்று உலகத்தில் ஒருவனும் கிடையாது. எந்தப் பக்கம் கடிப்பது, எதை எதில் தொடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம். வாயில் போட்டோமா, காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னோமா, வந்தோமா என்று முடிந்துவிடும். இவ்வளவு பாதுகாப்பான ஏற்பாட்டை விட்டுவிட்டு, மெக்சிகன் சாப்பாடுதான் தனக்கு உசுரு என்று சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு பிரகஸ்பதியை எனக்குத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

அப்போது நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். (இப்போதும் அதே கடைதான். போர்டு மட்டும் பெரிசு.) வீடு கீழ்பென்னாத்தூர். வேர்க்கடலை போடுகிற குடும்பம்; எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். இந்த மல்லாட்டையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எனக்கு வந்த வரன்கள் வரிசையாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம். அம்மா பௌர்ணமி தவறாமல் கிரிவலம் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பௌர்ணமி கழிந்த வாரத்தில்தான் ஜெயந்தியின் ஜாதகம் வந்தது. அடி அண்ணாமலைப் பெண். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, பல்லாவரத்தில் தாய்மாமா வீட்டில் தங்கியிருந்தாள். ஜாதகம் பொருந்தியது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண் மட்டும், "நேர்ல ஒரு தடவ பேசிப் பாத்துட்டு சொல்றேன்" என்றுவிட்டாள். ஆக, என் தலையெழுத்து மொத்தமும் அந்த ஒரு சந்திப்பில் வந்து நின்றது.

அவளே போன் செய்தாள். "சென்னை வரீங்களா? எங்கயாவது சாப்ட்டுக்கிட்டே பேசலாம். உங்களுக்கு என்னா சாப்பாடு புடிக்கும்?"

உண்மையான பதில், சோறும் கருவாட்டுக் குழம்பும். ஆனால் சென்னையில் லிஃப்ட் வைத்த ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்ணிடம் கருவாடு என்று எப்படிச் சொல்வது? என் கடைக்கு எதிரே சேகரின் கஃபே. வெளிநாட்டுக்காரர்களுக்காக வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருப்பான். அதில் அன்றைக்கு 'மெக்சிகன் பர்ரிட்டோ' என்று எழுதியிருந்தது. என்னைக் கேட்காமலே என் வாய் அதைப் படித்தது.

"மெக்சிகன்."

"அப்டியா? எனக்கு அதப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்களே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டேன். மெக்சிகோ எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று தெரியாதது ஒன்றுதான் குறை.

நேராகச் சேகரிடம் ஓடினேன். அவனுடைய மெக்சிகன் பர்ரிட்டோ என்பது, சப்பாத்திக்குள் ராஜ்மாவும் சோறும் வைத்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டியது. ஒரு துளி பச்சையாக மேலே விடுவான், அது பட்டர் ஃப்ரூட் மசியல். தியானம் செய்ய வந்து ஒரு சீசன் முழுக்கத் தங்கிய ஸ்பெயின்காரம்மாவிடம் கற்றுக்கொண்டதாம்.

"சாப்பாடு பெரிய விஷயமில்ல பாஸ்கரு. பேரு சொல்றதுலதான் மானமே இருக்குது" என்றான் சேகர். "அவங்களுக்கு ஜ-ன்ற சத்தமே கெடையாது. ஜே எழுத்து எங்க வந்தாலும் ஹ-தான். ஜலபினோன்னு ஒரு மொளகா, அத ஜலபினோன்னே சொன்னன்னு வையி, பட்டிக்காடுன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஹலபீன்யோ. அதே மாதிரி ரெண்டு எல்லு சேந்து வந்தா ய. கெஸடில்லா இல்ல, கெஸடியா."

"வேற?"

"பெரியவங்கள மரியாதையா பேசறதுக்கு ஒரு வார்த்த இருக்குது. ஃபெலீஸ் கும்ப்ளியான்யோஸ். எங்கப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் ஆச்சே, அன்னிக்கு அந்தம்மா கையக் கூப்பி இதத்தான் சொன்னாங்க."

(எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டிய இடம் இது. அடிக்கவில்லை.)

நாக்கு பழகுவதற்காக, கண்ணில் படுகிற ஜ எல்லாவற்றையும் ஹ என்றே சொல்லச் சொன்னான். நானும் ஒரு வாரம் வெறி பிடித்த மாதிரி பழகினேன். வீட்டில், "அம்மா, ஹன்னலைச் சாத்து" என்றேன். "அந்த ஹமக்காளத்தை எடு" என்றேன். "ஹவுளிக்கடைக்குப் போய் புதுச்சட்டை எடுத்துட்டு வரேன்" என்று நான் கிளம்பியபோது அம்மா பயந்தே போனாள்.

"அண்ணாமலையாரே, பொண்ணு பாக்கப்போற நேரத்துல புள்ளைக்கு நாக்கு இஸ்துக்கிச்சே" என்று நெற்றி நிறைய விபூதியைப் பூசிவிட்டாள். அதோடுதான் சென்னை பஸ் ஏறினேன். ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக ஹலபீன்யோ, ஹலபீன்யோ என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அந்த ஓட்டலுக்குள் நுழைந்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தேர்த் திருவிழா மாதிரி கலர் கலராகத் தோரணம். சுவரெல்லாம் குடை அகலத்துக்குத் தொப்பிகள். சீரகமும் சோளமும் கருகுகிற வாசனை. மூலை மேஜையில் மஞ்சள் சுடிதாரில் ஜெயந்தி, பக்கத்தில் அவளுடைய மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆளை மேலிருந்து கீழ்வரை பார்ப்பதிலேயே டிக்கெட் எடுத்தவனா இல்லையா என்று கண்டுபிடித்துவிடும் கண்கள்.

"வணக்கங்க. நீங்கதானே ஹெயந்தி?"

அவள் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். "ஜெயந்தி" என்றாள் மெதுவாக.

"ஆமா ஆமா, ஹெயந்தி."

"நான் ராஜேந்திரன். பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றார் அவர்.

"வணக்கம் ராஹேந்திரன் மாமா."

மாமா ஜெயந்தி பக்கம் சாய்ந்து, எனக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, "தம்பிக்கு சளி புடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு விஷயம் புரியாமல் இல்லை. திருத்திக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் பதற்றத்தில் நாக்கு ஒரு வாரப் பழக்கத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மாமா அடுத்த கேள்வியைப் போட்டார். "நெலத்துல என்னா வெள்ளாம தம்பி?"

"மய்யாட்டை மாமா."

"அது என்னாது, புது ரகமா?"

"ஆமா மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நல்லவேளையாகச் சர்வர் வந்தார். இங்கேதான் என் பொற்காலம். மெனு அட்டையைக் கையில் வாங்கி, ஹலபீன்யோ, கெஸடியா, டார்ட்டியா என்று மடமடவென்று சொன்னேன். சர்வர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஜெயந்தி கண்ணை அகல விரித்து, "சூப்பரா சொல்றீங்களே" என்றாள். அடடா, அந்த நிமிஷத்தில் அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்திருந்தால் நான் மகான். வரவில்லையே. மாமாவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவர் பக்கம் கையைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, பயபக்தியோடு "ஃபெலீஸ் கும்ப்ளியான்யோஸ்" என்றேன்.

சர்வரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, சாருக்கா?"

"ஆமாம்ப்பா, சாருக்குத்தான்."

"நாங்க பாத்துக்கறோம் சார்" என்று உள்ளே ஓடினார். மரியாதை தெரிந்த ஓட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சோள வில்லைகள் வந்தன. மாமா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அப்பளத்த ஒடச்சு வச்சிருக்கான். முழுசா குடுத்தா என்னாவாம்?" அடுத்து டாக்கோ, அதாவது மடித்த சோள ரொட்டிக்குள் காய் வைத்தது, வந்தது. கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்கள். வெள்ளையாக ஒன்று, பச்சையாக இரண்டு. ஒரு பச்சை கெட்டியாக இருந்தது, இன்னொரு பச்சை தண்ணியாக இருந்தது. சேகர் கடையில் ஒரே பச்சைதான். ஆகவே எனக்குத் தெரிந்து மெக்சிகோவில் பச்சை என்றால் பட்டர் ஃப்ரூட்.

மாமா தண்ணியாக இருந்ததை எடுத்தார். "இது காரமா தம்பி? எனக்கு அல்சர் இருக்குது, காரம் ஆவாது."

"சேச்சே. அது பட்டர் ஃப்ரூட் மாமா. ஒடம்புக்குக் குளிர்ச்சி. ஹாஸ்தியா ஊத்திக்குங்க."

"ஹாஸ்தியாவா?"

"ஹாஸ்தியா மாமா."

நம்பி ஊற்றினார் மனிதர், இட்லிக்குச் சாம்பார் ஊற்றுகிற மாதிரி. ஒரு வாய் கடித்தார். மென்றார். நிறுத்தினார். முகம் முதலில் சிவந்தது, பிறகு வேறு ஏதோ நிறத்துக்குப் போனது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காற்றை இழுத்து வாயைக் குவித்து ஊதினார் பாருங்கள், ஓட்டலே அதிர்கிற மாதிரி கண்டக்டர் விசில் ஒன்று கிளம்பியது. பழகிய வாய் அல்லவா. பக்கத்து மேஜைக் குழந்தை உற்சாகமாகி, "ரைட், ரைட்" என்றது.

என் கல்யாணம் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து எழுந்து இன்னொரு சர்வரைப் பிடித்து உலுக்கினேன். "ஹூஸ் கொண்டாங்க. சீக்கிரம் ஹூஸ்."

"ஷூஸா சார்?" அவர் என் காலைப் பார்த்தார்.

"ஷூஸ் இல்லப்பா, ஹூஸ். எலுமிச்ச ஹூஸ், ஆரஞ்சு ஹூஸ், எதுனாலும் பரவால்ல."

"ஆரஞ்சு கலர் ஷூஸா சார்?"

அப்போதுதான் விளக்கு அணைந்தது. சமையற்கட்டுப் பக்கமிருந்து டமடமவென்று மேளச் சத்தம். கையில் மத்தாப்பு சொருகிய கேக்கோடு முதல் சர்வர், பின்னால் தட்டைத் தட்டிக்கொண்டு மொத்தப் பட்டாளம். மாமா தலையில் அந்தக் குடைத் தொப்பியைக் கவிழ்த்தார்கள். பிறகு எல்லாருமாக 'கும்ப்ளியான்யோஸ், கும்ப்ளியான்யோஸ்' என்று பாடிக்கொண்டு மேஜையைச் சுற்றி வலம் வர ஆரம்பித்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் மலைக்கு எப்படி இருக்கும் என்று மாமாவுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும். தொப்பிக்கு அடியில் அவர் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார். மேனேஜர் நெஞ்சில் கை வைத்து, "சார் ரொம்ப எமோஷனல் ஆயிட்டாரு" என்றார். எல்லா மேஜையிலும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இந்தக் களேபரத்தில் மூளையை உபயோகித்தது ஜெயந்தி ஒருத்திதான். வெள்ளைக் கிண்ணத்தை விரலால் தொட்டு ருசி பார்த்தாள். "தயிர் மாதிரிதான் மாமா இருக்குது, வாயத் தொறங்க" என்று ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிவிட்டாள். கிண்ணம் காலியானதும்தான் மாமாவுக்குக் குரல் திரும்பியது.

"யாருக்கு பொறந்தநாளு?"

"உங்களுக்குத்தான் மாமா" என்றேன் நான்.

"எனக்குத் தையிலதான தம்பி பொறந்தநாளு?"

கும்ப்ளியான்யோஸ் என்றால் மரியாதை இல்லை, பிறந்தநாள் வாழ்த்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயந்தி என்னை நேராகப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? இதுக்கு முன்னாடி மெக்சிகன் சாப்ட்டிருக்கீங்களா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "எதிர்க்கட சேகரு ஒரு தடவ சப்பாத்திக்குள்ள ராஹ்மா வச்சுக் குடுத்தான்" என்றேன். "எனக்குப் புடிச்சது கருவாட்டுக் கொழம்புங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அப்படியே எழுந்து மாமாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பொண்ணு என்னாடா சொல்லுச்சு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நீ என்னா சொன்ன?"

"ஹெயந்தின்னேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல பெண், ஒரு எழுத்தால் போய்விட்டாள்.

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளரின் போனைப் பிரித்து வைத்திருந்தபோது என் போனில் மெசேஜ் வந்தது. 'ஹாதகம் முன்னாடியே பொருந்திடுச்சு. எனக்கும் சம்மதம். இவ்ளோ நான் சிரிச்சதே இல்ல. மாமாவுக்கு வாய் ஆறினதும் தேதி பாக்க உங்க வீட்ல வரச் சொல்லுங்க. இப்படிக்கு ஹெயந்தி.' நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைச் சேகர் கரண்டியோடு ஓடி வந்தான். அந்த வாடிக்கையாளர் போனின் ஸ்க்ரூக்கள் எங்கே தெறித்தன என்று இன்றுவரை தெரியாது.

மாமா என்னை மன்னித்துவிட்டார். ஆனால் மறக்கவில்லை. எங்கள் கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி, "தம்பி, இந்த எலைக்கு இன்னொரு ஹாங்கிரி போடுப்பா" என்றார். மகள் பிறந்தபோது, ஜ பக்கமே போக வேண்டாம் என்று உஷாராக ஹேமா என்று பெயர் வைத்தோம். மாமா தொட்டிலுக்குள் குனிந்து பார்த்து, "வாடி என் ஜேமா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அவள் ஜேமாதான். அவளும் அதற்குத்தான் சட்டென்று திரும்புவாள்.

போன வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். டீச்சர் அன்பாகப் பெயரைக் கேட்டார்.

"ஜேமா" என்றாள்.

டீச்சர் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜ-வா சார், ஹ-வா?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ஜெயந்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீங்க பேசாதீங்க" என்றாள்.