சாயா குடிக்கப் போன சர்வர்

திருவனந்தபுரத்தில் ஓடும் அத்தனை சர்வர்களிலும், தினமும் நாலு மணிக்கு வடை தின்னப் போகும் சர்வர் ஒன்றே ஒன்றுதான். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் அது வேலை பார்த்தது.

அந்தக் கடைக்கு ஒரு டேப்லெட்டில் மென்பொருள் போட்டுக்கொடுக்க என் கம்பெனி என்னை அனுப்பியது. கிளம்புமுன் முதலாளிக்கு போன் செய்து, "சர்வர் வேலை செய்யுதா சார்?" என்று கேட்டேன்.

"இப்போ இல்லா. சாயா குடிக்கான் போயி."

"எப்ப சார் ஆன் ஆகும்?"

"ரெண்டு வடை தின்னா ஆகும்."

நேரில் போனபோதுதான் விளங்கியது. சர்வர் ஐம்பத்தைந்து வயதுத் தென்காசிக்காரர். ஓட்டலில் இருபது வருடம் பரிமாறியவர். பன்னிரண்டு மேசை ஆர்டரைக் காகிதம் இல்லாமல் ஒப்பிப்பதைப் பார்த்து, முதலாளி அவரைக் கிடங்குக்குக் கொத்திக்கொண்டு வந்துவிட்டார். கிடங்கிலும் அதே ராகம்தான். "மல்லி பதினாறு, வத்தல் ஒம்பது, உளுந்து ரெண்டு, பெருங்காயம் தீந்துபோச்சு. வேற?"

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இந்த டேப்லெட் சரக்கும் பாக்கும், ஆர்டரும் கொடுக்கும் அல்லே? அப்ப சர்வர் வேண்டா. பொங்காலை கழிஞ்சா தென்காசிக்குத் திருப்பி அனுப்பலாம்."

மெதுவாகப் பேசியதாக அவர் நினைப்பு. வத்தல் மூட்டைக்குப் பின்னால் நின்ற சர்வருக்கு எல்லாம் கேட்டது. ஊரில் அவருக்கு இருந்தது ஒரு பூட்டிய வீடும் முகம் கொடுக்காத அண்ணனும் மட்டுமே.

டேப்லெட்டிடம் வாயால் சொன்னால் போதும், ஆர்டர் மொத்த வியாபாரிக்குப் போய்விடும். அதைப் பழக்கும் பொறுப்பு சர்வருக்கே வந்தது. மனுஷன் முகம் சுளிக்கவில்லை. காலையில் தோள் துண்டால் டேப்லெட்டைத் துடைத்துவிட்டுத்தான் பேச்சே. சொன்ன ஆர்டரை அது பெண் குரலில் திருப்பிச் சொன்னதும் பூரித்துப்போனார்.

"நல்ல ஓட்டல்ல வளந்த பிள்ளை, பாத்தியா."

அந்தக் குரல் முதலாளிக்குத் தலைவலி. நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன்.

"திருப்பிச் சொல்லாதவங்கிட்ட ஆர்டர் கொடுக்கப்படாது தம்பி" என்றார் சர்வர்.

"அதெல்லாம் அந்தக் காலம் அண்ணாச்சி" என்றேன். எனக்கு வயது இருபத்துமூன்று. தெரியாதது எதுவும் இல்லை.

பொங்காலை நெருங்கியது. நகரத் தெருவெல்லாம் பெண்கள் பானை வைத்துப் பொங்கலிடும் நாள். அன்றைக்கு வெல்லம் இல்லாத கடையைக் கடை என்றே யாரும் மதிக்கமாட்டார்கள். வெல்லத்துக்கு மலையாளத்தில் சர்க்கர என்று பெயர். சர்வருக்கோ சர்க்கரை என்றால் காபியில் போடுவது. குழப்பமே வேண்டாம் என்று அவர், "வெல்லம், நானூறு பெட்டி" என்று தெளிவாகச் சொன்னார். மலையாளம் மட்டுமே தெரிந்த டேப்லெட் அதை வெள்ளம் என்று எடுத்துக்கொண்டது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

மறுநாள் நானூறு பெட்டி குடிதண்ணீர் லாரியில் வந்து இறங்கியது.

முதலாளி பெட்டிகளை ஒருமுறை சுற்றிவந்தார். "இது ஆருடெ பணி?"

நான் டேப்லெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "என் நாக்குதான் முதலாளி. பல்லு போச்சுல்லா" என்றார் சர்வர். அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன.

"பொங்காலை வரெ நிக்கண்டா. நாளைக்கே போயிக்கோ."

சரி என்று தலையாட்டிவிட்டு சர்வர் போனை எடுத்தார். விதுரா, நெடுமங்காடு, களியக்காவிளை என்று ஏழு கடைகளின் எண்களை மனப்பாடமாக அடித்தார். மூன்று மணிக்குள் நானூறு பெட்டி வெல்லமும் வந்துவிட்டது. பிறகு தன் பையை எடுத்து வேட்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதலாளியிடம் போனேன். "சார், திருப்பிச் சொல்றதை நிறுத்தினது நான்தான்."

அவர், "நிறுத்தான் பறஞ்சது ஞான் அல்லே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சர்வரே, பை அவிடெ இருக்கட்டே."

பொங்காலை அன்று தண்ணீர்ப் பெட்டிகளை வெயிலில் பொங்கலிட்ட பெண்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, அது தன் வேண்டுதல் என்று முதலாளி சொல்லிக்கொண்டார்.

சர்வர் மட்டும் என்னைக் கிடங்குக்குள் இழுத்துப்போய்த் திட்டினார். "கூறுகெட்ட பயலே, திட்டை நான்தான் வாங்கிக்கிட்டேன்லா? அடுப்படியில எவன் உப்பை அள்ளிப் போட்டாலும் பேச்சு சர்வருக்குத்தான். எனக்குப் பழக்கம். உனக்கு இது மொத வேலைலே."

இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். மாடி மாடியாக ஆட்கள். எனக்காகத் திட்டு வாங்க அங்கே ஒருவரும் இல்லை.