நத்தை மீட்டர்

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் கரண்ட் மீட்டரை ஒட்டி, எங்கள் வீட்டுக்குக் குழாயில் வரும் கேஸை அளக்கும் மீட்டர் ஒரு சத்தம் போடும். யாரோ ஒரு கிழவர் தூக்கத்தில் பெருமூச்சு விட்டு, நடுநடுவே நாக்கைச் சொடுக்குவதுபோல் இருக்கும். ஹ்ஹா... டொக். ஹ்ஹா... டொக். எத்தனையோ வருடமாயிற்று. இன்னும் காதில் இருக்கிறது, என் கணவரின் சிரிப்போடு சேர்ந்து.

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உட்கார வைத்து, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்பார். படிக்க முடியாமல் திணறுகிறவர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். தன்னைப் பற்றிக் கேட்டால், "எனக்கா? பருந்துக் கண்ணு!" என்பார். அந்தப் பருந்து செய்தித்தாளைக் கை எட்டிய மட்டும் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் படிக்கும். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் அந்தப் பெருமை இன்னும் சில வருடம் தாங்கியிருக்கும்.

மகள் கல்யாணமாகிப் போனதும் மாடியில் கிழக்கு பார்த்த அறை காலியாயிற்று. காலை வெயில் ஜன்னல் வழியே இறங்கி, தரையில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அங்கே ஒரு நாற்காலி போட்டு, கல்லூரியோடு நின்றுபோன என் வாசிப்பைத் திரும்பத் தொடங்க நினைத்தேன். அதைத் தவிர அந்த வீட்டில் எனக்கென்று எதையும் நான் கேட்டதில்லை. அவருக்கோ விற்காத ஃபிரேம்களை அடுக்க இடம் வேண்டியிருந்தது.

"ஃபிரேமுக்கு எதுக்குங்க வெயில்?"

"உன் புக்குக்கு மட்டும் எதுக்கு?"

எங்கள் வீட்டில் எதுவும் பேசித் தீர்ந்ததில்லை. பந்தயத்தில்தான் தீரும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவாயிற்று. அவர் பாதியில் சிரித்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, டார்ச்சும் கையுமாக அலமாரிக்குள்ளிருந்து வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. டார்ச்சை அணைக்க மறந்தது பாதிக் காரணம்.

"இந்த வீட்ல கரண்டை யாரு அழிக்கிறா? நீ! இஸ்திரி, வாஷிங் மெஷின், போற ரூமுக்கெல்லாம் லைட்டு."

"கேஸை யாரு அழிக்கிறா? வெந்நீர்ல ஊறி ஊறி உங்க விரலெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரி ஆயிடுச்சு. குளிச்சு முடிச்சா கேஸ் ஹீட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கறீங்க."

"அப்ப பந்தயம். இந்த மாசம் கேஸ் என் கணக்கு, கரண்ட் உன் கணக்கு. யாரோடது கம்மியோ அவங்களுக்கு ரூம்."

"சமையலுக்கு எரியற கேஸ்?"

"அதுவும் என் கணக்குலயே இருந்துட்டுப் போகட்டும், போ!"

அவ்வளவு தாராளம் அவரிடம் நான் பார்த்ததே இல்லை. உஷாரானேன்.

"எதுல பாக்கறது? மீட்டர்லயா, பில்லுலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே? பில்லுலயே பாப்போம். அப்பறம் நீ பேச்சு மாறக்கூடாது பாரு."

"யூனிட் கணக்குலதானே?"

"யூனிட்டோ என்னமோ. எந்த நம்பர் சின்னதோ அது ஜெயிச்சுது."

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவரை அழைத்துவந்தார். வாசலில் நின்று அவரிடம் ரகசியம் சொன்னார். என் கணவர் ரகசியம் சொன்னால் சமையலறை வரை கேட்கும்.

"அண்ணே, கேஸ் மீட்டர் ஓடறதைப் பாத்திருக்கீங்களா? நத்தை! கரண்ட் மீட்டர் குதிரை. இது ஒரு அடி வைக்கறதுக்குள்ள அது ஊரைச் சுத்திட்டு வந்துடும். பாவம், அவளுக்குத் தெரியல."

"தங்கச்சி காலேஜ் படிச்சவங்களாச்சே, சார்?"

"கவிதை படிச்சவ, அண்ணே."

நான் கவலையோடு இஸ்திரி போட்டேன். மேசை துடைக்கிற துணிக்குக்கூடப் போட்டேன். அவர் நத்தையின் தைரியத்தில் இரண்டு வேளை வெந்நீரில் குளித்தார். தினமும் காலையில் அலமாரிக்குள்ளிருந்து செய்தி அறிக்கை வந்தது.

"என்னுது முப்பதுகூட ஆகல! உன்னுது நூத்தைம்பதைத் தாண்டிடுச்சு!"

"ஐயையோ" என்றேன். இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

பில் வருவதற்கு முன்பே, அவரும் டிரைவருமாகக் கண்ணாடி அலமாரி ஒன்றை மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், அவர் கணக்கில் எரியும் கேஸில்.

இரண்டு பில்லும் ஒரே நாளில் வந்தன. கையை நீட்டி, தலையைச் சாய்த்து, சாட்சி முன்னால் படித்தார்.

"கரண்ட், இருநூத்திப் பத்து. கேஸ், நாப்பத்திரெண்டு! அண்ணே, பாத்தீங்களா? நாப்பத்திரெண்டு!"

"அதுக்குக் கீழ என்னங்க?"

"கீழ ஒண்ணுமில்ல. எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ அச்சு."

இத்தனை வருடம் அவர் கடையில் கேட்ட குரலிலேயே சொன்னேன்:

"கடைசி வரியைப் படிங்க."

கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். அதற்குமேல் கை இல்லை. டிரைவர் வாங்கிப் படித்தார்.

"நாப்பத்திரெண்டு கன மீட்டர்... வெப்ப அளவுப்படி மாத்தினா, நானூத்தி அறுபத்தொம்பது யூனிட்னு போட்டிருக்கு, சார்."

"அதெப்படி? மீட்டர் நாப்பத்திரெண்டுதானே ஓடுச்சு!"

"கேஸ் எவ்வளவு இடத்தை அடைச்சுதுன்னு மீட்டர் சொல்லுதுங்க" என்றேன். " எவ்வளவு சூடு குடுத்துச்சுன்னு பில் சொல்லுது. ஒரு கன மீட்டர் எரிஞ்சா பதினோரு யூனிட் கரண்ட் மாதிரி. அதான் முன்னாடியே கேட்டேனே, யூனிட் கணக்குதானேன்னு?"

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மாசா மாசம் அந்த வரி வருதுங்களே."

"நீ கவிதைதானே படிச்சே?"

"அதுலயும் கடைசி வரியிலதாங்க விஷயம் இருக்கும்."

டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சார், அலமாரியை இறக்கிடலாமா?"

மறுநாள் வெயிலில் என் நாற்காலியைப் போட்டேன். கீழே மீட்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கூடவே இன்னொரு பெருமூச்சும் கேட்டது.

தன் கடையில் தானே வாங்க வெட்கப்பட்டு, அவர் நாலு தெரு தள்ளியிருந்த கடையில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினார். சாகும்வரை அதைத்தான் போட்டிருந்தார், பெரும்பாலும் கிழக்கு அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து.