கொடைக்கானலில் நான் தின்ற ஐந்து மீன்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.
புதன்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் துளசிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் தண்டபாணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே பச்சையம்மா சுகம், சௌமியா சுகம். என் வயிறு மட்டும் ஒரு வாரமாகத் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. அங்கே ராயபுரத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் மீன் பெட்டிகள் பெங்களூருக்குத் தடையில்லாமல் போய்ச் சேரவும் அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முந்தாநாள் போனில் நீங்கள் திட்டியது அத்தனையும் நியாயம். "இன்னா மாப்ள, சோத்தக் கண்டதே இல்லியா நீ? சம்பந்தி தட்டுல கைய வெச்சிகினியாமே! எம்மானமும் சேந்து போச்சு" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் சௌமியா நின்றாள், மூடிக்கொண்டேன். அவள் காதில் விழக்கூடாத சங்கதி என்பதால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளைப் பையனின் அப்பா கொடைக்கானல் ஜெகதீசன் உங்களிடம் "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொன்ன நாளிலிருந்து என் மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவள் அம்மாவைப் பார்த்து, "அவருக்கு இன்னும் நாலு தட்டு வெய்யிம்மா" என்கிறாள். அந்தப் பையனைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று மூன்று வருஷமாக நிற்கிற பெண். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அவள் இந்த ஜென்மத்தில் என்னை அப்பா என்று கூப்பிடமாட்டாள் மச்சான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் பெரம்பூர் நிச்சயதார்த்தத்தில் நான் வஞ்சிரத்தை மோந்து பார்த்துவிட்டு, "மூணு நாள் மீனு, எவனும் கைய வெக்காத!" என்று கத்தி, பந்தியே எழுந்துபோனது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் காசிமேட்டில் ஏலம் விட்ட தொண்டை, ரகசியம் பேசினாலும் நாலு படகு தள்ளிக் கேட்கும். அதனால் வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போதே சௌமியா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "நைனா, மீனு வெச்சா மோந்து பாக்கக் கூடாது, செவுளத் தூக்கக் கூடாது, நல்லாக்கீது நல்லால்லன்னு ஒண்ணுமே பேசக் கூடாது. வெச்சதத் துன்னுட்டு வரணும். எந்தலையில அடிச்சி சொல்லு" என்றாள். அடித்துச் சொன்னேன். மலைமேல் போகப் போகக் காது அடைத்தது, பல் தந்தியடித்தது, நான் பச்சையம்மாவின் சால்வையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய பூசணிக்காய் மாதிரி போய் இறங்கினேன்.

மாப்பிள்ளை நிதிஷின் சாப்பாட்டுக் கடை சின்னது. கல் சுவர், தாழ்ந்த மரக்கூரை, மூலையில் விறகு எரிகிற கணப்பு, எட்டே எட்டு மேஜை. வெளியே பனி, உள்ளே கதகதப்பு, எழுந்துபோகவே மனசு வராது. பையன் நாலு வருஷம் கப்பலில் சமைத்தவர். கிரீஸ், துருக்கி, லெபனான் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊர் சமையலையும் கற்றுக்கொண்டு வந்து இந்தக் கடை போட்டிருக்கிறார். அதுவும் கடல்தானே, நமக்கு ஒருவகையில் சொந்தம்தானே என்று நானும் தைரியமாக உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு மண் கிண்ணம் வந்தது. வெளிர்மஞ்சளாக, வழுவழுவென்று அரைத்து, நடுவில் குழி பண்ணி எண்ணெய் விட்டிருந்தார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் முதலில் எது வரும்? சந்தனம்தானே வரும்! இரண்டு விரலால் வழித்துக் கையில் பூசி, கழுத்தில் தடவி, மரியாதை தெரிந்தவன் என்று காட்டுவதற்காகச் சம்பந்தி ஜெகதீசன் கையையும் பிடித்து இழுத்துப் பூசிவிட்டேன். அவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், பரம சாது. பூசிக்கொண்டு, பதில் மரியாதையாக எனக்கும் கொஞ்சம் தடவினார். நிதிஷ் ஓடிவந்து, "மாமா, அது கொண்டைக்கடலை அரைச்சது, ரொட்டிக்குத் தொட்டுக்கறது" என்றார். எண்ணெய் அதற்குள் சட்டைக்குள்ளே இறங்கிவிட்டது. அடுத்து வந்த கறுப்பு ஆலிவை நாவல்பழம் என்று நம்பி வாயில் போட்டேன், ஒரே உப்பு, ஒரே கசப்பு; கொட்டையைத் துப்ப இடம் தெரியாமல் முழுங்கித் தொலைத்தேன். இதுவரைக்கும் சௌமியா என் காலை இரண்டே தடவைதான் மிதித்தாள்.

அப்புறம் மீன் வந்தது மச்சான். முழுக் கொடுவா, தலையோடு, ஆளுக்கு ஒன்று, எலுமிச்சம்பழத் துண்டும் ஏதோ இலையும் வைத்துச் சுட்டது. நான் மோந்து பார்க்கவில்லை, சத்தியம். அதுவாக வந்து மூக்கில் ஏறியது. ஒரு வாய் வைத்தேன். சதை முள்ளில் நிற்காமல் நனைந்த மாவு மாதிரி கழன்று வந்தது. நாலு நாள் மீன், அதில் ஒரு நாள் ஐஸ் இல்லாமல் கிடந்த மீன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது குரல். எதிரே பார்க்கிறேன், நிதிஷ் கைகட்டி நிற்கிறார், என் முகத்தையே பார்க்கிறார். "எப்டிக்கீது நைனா?" என்று சௌமியா கேட்கிறாள், கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு.

நான் என்ன செய்யட்டும்? சொன்னால் பையன் மானம் போகும், மகள் தலையில் அடித்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் அதைத் தின்று படுப்பார்கள். எனக்கு இருக்கிற மூளைக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. என் மீனை நாலு வாயில் முடித்தேன். "ஆஹா!" என்றேன். கையை நீட்டிச் சௌமியா மீனை எடுத்தேன். பச்சையம்மா கூடை தூக்கி மீன் விற்றவள், அவளுக்குத் தெரியாதா? "எனக்கு இன்னிக்கு வெள்ளிக்கிழம விரதம்" என்று தன் தட்டைத் தானே என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. "சம்பந்தி, இதுல முள்ளு ஜாஸ்தி, ஒங்களுக்கு சரிப்படாது" என்று ஜெகதீசன் மீனை இழுத்தேன். சம்பந்தியம்மா ஒரு துண்டை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நான் எட்டி அவர்கள் கையிலிருந்தே பிடுங்கிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. ஐந்து மீன் மச்சான், ஐந்தும் நான் ஒருத்தன்! இறங்கும்போது எத்தனை கொண்டைஊசி வளைவு உண்டோ அத்தனையிலும் பஸ்ஸை நிறுத்தினேன். டிரைவர் கடைசியில் என்னைக் கேட்காமலேயே நிறுத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆகையால் தாய்மாமனாகிய நீங்கள் எனக்காக இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, ஜெகதீசனிடம் பேசி, "எங்க மாப்ள பொறப்புலயே தீனிப்பண்டாரம், பொண்ணு அப்டியில்ல" என்று சொல்லிவிடுங்கள். மீன் சங்கதி மூச்சு விடக்கூடாது. என் பேர் கெட்டால் கெடட்டும், பையன் மனசு உடையக்கூடாது. இரண்டு, அந்தப் பச்சப்புள்ளக்கி அந்த மீனை அனுப்பின பேமானி எவன் என்று விசாரியுங்கள். உங்களுக்குத் தெரியாத வியாபாரி இந்தக் கடற்கரையில் கிடையாது. உங்களைப் போல நாணயஸ்தர்கள் தொழில் பண்ணுகிற இடத்தில் இப்படியும் ஒருத்தன் இருக்கிறானே என்று வயிறு எரிகிறது, இரண்டு விதத்திலும்.

அண்ணிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கையும் தராசும் என்றைக்கும் நிமிர்ந்தே இருக்கட்டும்.

தங்கள் சொல் தட்டாத,
தண்டபாணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. பச்சையம்மா பொறுக்கமாட்டாமல் சௌமியாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சௌமியா நிதிஷுக்குப் போன் போட்டாள். இப்போதுதான் அவர் எனக்குப் போட்டார். "மாமா, பெட்டியத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். ஆனா பொண்ணோட தாய்மாமன் அனுப்பின மீன், உங்க வீட்டு மீன், அத உங்க முன்னாடி எப்படி மாமா வேணாம்னு சொல்றது? அவர்தான் கடைக்கு மீன் அனுப்பறாருன்னு கல்யாணம் வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாது, சர்ப்ரைஸுன்னு வேற சொல்லியிருந்தார்" என்று அழாத குறையாகச் சொன்னார். ஜெகதீசனும் வாசனை பிடித்திருக்கிறார். அந்தக் கெட்ட மீன் ஐந்தையும் நான் ருசித்துத் தின்றதைப் பார்த்து, இந்த வீட்டில் பெண் எடுத்தால் பையன் பிழைப்பானா என்று பயந்துதான் யோசித்திருக்கிறார். இப்போது எல்லாம் தெளிந்து, ஆவணியில் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார். சௌமியா என்னை "நைனா" என்று கூப்பிட்டுவிட்டு அழுதாள், நானும் அழுதேன்.

யோவ் மச்சான், மேலே நாணயஸ்தர் என்று எழுதின இடத்தை அடித்துப் படி. பேமானி என்று எழுதினது அப்படியே இருக்கட்டும். தாய்மாமன் நீ இல்லாம மணவற ஏற முடியாது, அதனால வந்து சேரு. பட்டு, பூ, பழம், தேங்கா இன்னா வேணா சீர்த்தட்டுல வெச்சிகினு வா. மறுநாள் விருந்துக்கு மீனு நான் எடுத்துக்கறேன்.